மடங்காத மட்டை

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கும் சாலையில் கந்தப்பனும் இம்தியாசும் கூட்டாக ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். வெல்டிங்கும் இரும்பு வேலையும் கந்தப்பன் பொறுப்பு. கேபின், பெயின்ட், கடைசியில் வண்டியை ஓட்டிப் பார்த்துக் கொடுப்பது இம்தியாஸ். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒருவன் வீட்டு விசேஷத்தில் இன்னொருவன் பந்தி விசாரிப்பான். கோல்ஃப் என்றால் டிவியில் தொப்பி போட்ட பணக்காரர்கள் மெதுவாக நடந்து போகும் ஆட்டம் என்பதற்கு மேல் நாற்பத்தைந்து வயது வரை இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஐதராபாத்திலிருந்து மாதம் ஒருமுறை வரும் ஒரு கன்டெய்னர் கம்பெனி மேனேஜர்தான் அதைக் கொண்டுவந்தார். சேலம் பைபாஸ் ஓரத்தில் புதிதாக வந்த ஒரு ரிசார்ட்டில் பந்தடித்துப் பழக நீளமாகப் புல்தரை விட்டிருந்தார்கள். மேனேஜர் தங்குவது அங்கேதான். ஒரு நாள் பேச்சுவார்த்தை முடிந்ததும் இருவர் கையிலும் ஆளுக்கொரு மட்டையைக் கொடுத்து, "சும்மா அடிச்சுப் பாருங்க" என்றார்.

பள்ளியில் ஹாக்கி ஆடியவன் இம்தியாஸ். அவன் அடித்த இரண்டாவது பந்தே நேராகப் போய் தூரத்துக் கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. கந்தப்பன் அடித்த பந்து கிளம்பி, பாதி தூரம் போனதும் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல வலப்பக்கம் திரும்பி, வேலி தாண்டிச் சோளக்காட்டில் விழுந்தது. அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"பாய், உங்களுக்கு இது ரத்தத்திலேயே இருக்கு" என்றார் மேனேஜர்.

கந்தப்பனும் சேர்ந்து சிரித்தான். அன்று அது அவனுக்கு வலிக்கவில்லை. பிறகுதான் வலித்தது. மேனேஜர் வரும்போதெல்லாம் பந்தடிக்கப் போனார்கள். வரவர அவர் வண்டி விஷயங்களையும் இம்தியாசிடமே பேசத் தொடங்கினார். தரைத்தகடு எத்தனை கனம், பக்கக் கதவு எப்படி என்பதெல்லாம் கந்தப்பனிடம் கேட்க வேண்டியவை. அவற்றை இம்தியாசோடு புல்லில் நடந்தபடி கேட்டார். இம்தியாஸ் ஒவ்வொரு முறையும் திரும்பி, "கந்தா, நீ சொல்லு" என்பான். அந்தத் திரும்பலே கந்தப்பனுக்குப் பிடிக்காமல் போயிற்று.

போனில் வீடியோக்கள் பார்த்தான். அதில்தான் அந்தப் பழகு மட்டையைக் கண்டான். பார்க்கச் சாதாரண மட்டைதான். ஆனால் தண்டின் நடுவில் ஒரு மூட்டு. சீராக வீசினால் நேராக நிற்கும். கையை வெடுக்கென்று இழுத்தாலோ, மேலே தூக்கும்போது பாதை தப்பினாலோ மூட்டு மடங்கி மட்டை தொங்கிவிடும். தப்பைக் காட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை. சேலத்தில் இளஞ்செழியன் என்று ஒருவர் இதையெல்லாம் வரவழைத்து ஆன்லைனில் விற்றுக்கொண்டிருந்தார். நீளமான அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது.

பட்டறைக்குப் பின்னால் காலி இடம். லாரியில் சரக்கு மேல் போட்டுக் கட்டும் வலையைத் தொங்கவிட்டு, ஆட்கள் வேலைக்கு வருமுன் தினமும் போய்ப் பழகினான். தூக்குவான். தோள் உயரத்துக்குப் போகுமுன் மூட்டு படக்கென்று மடங்கும். நிமிர்த்துவான். மறுபடி படக். ஒரு மாதம் ஆயிற்று. உள்ளங்கையில் கொப்புளம் வந்து காய்த்ததுதான் மிச்சம்.

"வெல்டிங் கையிக்கு அதெல்லாம் வருமாங்க? உடுங்களேன்" என்றாள் அவன் மனைவி சௌந்திரம்.

"அவனுக்கு வருதில்ல?"

"யாருக்கு?"

அவன் எழுந்து பட்டறைக்குக் கிளம்பினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூட்டின் திருகை முடிந்தமட்டும் இறுக்கினான். அப்போதும் மடங்கியது. யாரும் இல்லாத பட்டறையில் அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு வெல்டிங் மெஷினைப் போட்டான். மூட்டின் இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு பொட்டு வெல்டு வைத்தான். கிரைண்டரில் தேய்த்து, இம்தியாசின் பெயின்ட் டப்பாவிலிருந்தே கொஞ்சம் கறுப்பு எடுத்துப் பூசினான். மூட்டு ஏதோ வார்ப்பு உலோகம். அதில் வெல்டு ஒழுங்காகப் பிடிக்காது. இருபது வருஷமாக வெல்டிங் செய்கிறவனுக்கு அது தெரியாததல்ல. மடங்காமல் வீசினால் கைக்கு எப்படி இருக்கும் என்று ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான்.

வீசினான். மடங்கவில்லை. பந்து வைத்து அடித்தான். வலை குலுங்கியது. நான்கைந்து பந்து அடித்திருப்பான். மனசுக்குள் ஏதோ ஒன்று இளகியது.

"அட! மடங்கவே இல்லியேடா!"

இம்தியாஸ் பின்வாசல் வழியாக வந்து நின்றிருந்தான். மேனேஜர் அடுத்த வாரம் இருவரையும் கோயமுத்தூருக்குக் கோல்ஃப் ஆடக் கூப்பிட்டிருக்கிறார் என்று சொல்ல வந்தவன். முகமெல்லாம் சிரிப்பு.

"எத்தன நாளா பழகுற? எங்கிட்டச் சொல்லவே இல்லியே. நல்லாருக்குதுடா. நெசமாத்தான் சொல்றேன், நல்லாருக்குது."

வெல்டு வைத்திருக்கிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். இருவரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பாராட்டைக் கையிலிருந்து இறக்கிவைக்க அவனால் முடியவில்லை.

"இன்னொருக்கா அடி. மணிக்கட்டு எப்படிப் போவுதுன்னு பாக்கறேன்" என்று இம்தியாஸ் முன்பக்கமாக வந்து கொஞ்சம் தள்ளிக் குனிந்து நின்றான்.

கந்தப்பன் இதுவரை அடித்ததைவிட வேகமாக அடித்தான். பந்தில் படும்போது கையில் எடை சட்டென்று குறைந்தது. மூட்டுக்குக் கீழே மட்டை இல்லை, பிய்த்துக்கொண்டு பறந்திருந்தது. இம்தியாஸ் "அல்லா" என்று ஒரு சொல்தான் சொன்னான். முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது.

கார் சாவி எடுக்க கந்தப்பன் ஆபீசுக்கு ஓடினான். திரும்பி வந்து அவனைத் தூக்கி வண்டியில் போட்டுச் சேலத்துக்கு விரட்டினான். அங்கே பார்த்துவிட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் கூடவே வந்த இம்தியாசின் மனைவி கௌசியா, "எப்படிங்ணா ஆச்சு?" என்று கேட்டாள்.

"மட்டை ஒடஞ்சுபோச்சும்மா. மட்டமான சாமான். ஏமாத்திப்போட்டானுங்க."

அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து தானாகவே வந்தது. வந்தபிறகு அதுவே நடந்த கதையாகிவிட்டது. டாக்டரிடம் அதையே சொன்னான், சௌந்திரத்திடம் அதையே சொன்னான், பட்டறை ஆட்களிடமும் அதையே சொன்னான்.

வலது கண் உள்ளே கிழிந்திருந்தது. சில நாள் பார்த்துவிட்டு, அதை விட்டுவைத்தால் நல்ல கண்ணுக்கும் கேடு வரலாம் என்று டாக்டர் எடுக்கச் சொன்னார். எடுப்பதற்கு முந்தின நாள் முழுக்க கந்தப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இம்தியாஸ் மிஞ்சிய கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"எதாச்சும் சொல்லணுமா கந்தா?"

"என்னத்தச் சொல்ல? அவனுங்கள உடக்கூடாது மாப்ள."

இம்தியாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் கந்தப்பன் பட்டறைக்கு வந்து உடைந்த இரண்டு துண்டையும் தேடி எடுத்தான். சாக்கில் சுற்றிக் காரில் வைத்து மோகனூருக்குப் போனான். காவிரியில் தண்ணீர் பாதியளவு போய்க்கொண்டிருந்தது. கரையில் பெண்கள் துணி துவைத்தார்கள். அவர்களைத் தாண்டி ரொம்ப தூரம் நடந்து போய், ஆழமான இடமாகப் பார்த்து வீசினான். திரும்பும் வழியில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டான். பசித்தது என்பதே அவனுக்குக் கேவலமாக இருந்தது.

கௌசியாவின் தம்பி அல்தாப் சேலம் அம்மாபேட்டையில் செல்போன் கடை வைத்திருந்தான். மாமனின் கட்டுப்போட்ட முகத்தையும் ஆன்லைனில் எடுத்த மட்டையின் படத்தையும் சேர்த்து ஒரு வீடியோ போட்டான். விற்றவரின் பெயர், கடை, போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தது. கேமரா முன் கந்தப்பனையும் பேசச் சொன்னான். "பெட்டியில இருந்து எடுத்தது எடுத்தபடிதாங்க இருந்துச்சு" என்று கந்தப்பன் பேசினான். அது ஊரெல்லாம் பரவியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, இம்தியாஸ் வீட்டில் கந்தப்பன் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். கையில் பழப்பை. சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

"நான் இளஞ்செழியன் சார். மட்டை வித்தது நான்தான்."

கௌசியாவின் முகம் மாறியது. இம்தியாஸ் அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னான். அவர் உட்காரவில்லை.

"மன்னிப்புக் கேக்கறதுக்கு வந்தேன் சார். எங்கிட்ட வாங்கினவங்க ஒருத்தர்கூட உடைஞ்சதுன்னு சொன்னதில்ல. இதுல மட்டும் எங்க தப்பாச்சுன்னு எனக்குத் தெரியல. இருந்த சரக்கு எல்லாத்தையும் நானே வெட்டிப் போட்டுட்டேன். இன்னொருத்தருக்கு ஆயிடக்கூடாதில்ல. கடையையும் மூடிட்டேன். போன்ல கண்டபடி திட்டறாங்க சார், அதுகூடப் பரவாயில்ல. உங்க கண்ணு…" அவரால் முடிக்க முடியவில்லை. நின்றபடியே அழுதார். பிறகு கந்தப்பன் பக்கம் திரும்பி, "உங்களுக்குக் கையில ஒண்ணும் படலையே சார்?" என்று கேட்டார்.

கந்தப்பன் இல்லை என்று தலையாட்டினான்.

அவர் பழப்பையை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். கௌசியா டீ போட உள்ளே போனாள். வெளியே அவருடைய பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றான் இம்தியாஸ்.

"என்னத்த மாப்ள?"

"அந்தாளு அழுதப்பவாச்சும் சொல்லுவேன்னு பாத்தேன்."

கந்தப்பன் ஸ்டூலில் இருந்த பழப்பையைக் கொஞ்சம் நகர்த்திவைத்தான்.

"நீ சாவி எடுக்க ஓடுனியே, நான் கீழ கெடந்தேன். அந்தத் துண்டு என்ற மூஞ்சிக்கு நேராத்தான் கெடந்துச்சு. ஒரு கண்ணு நல்லாத்தான இருந்துச்சு? என்ற பெயின்ட்டு உதுந்து, உள்ள வெல்டு தெரிஞ்சுது. உன்ற கை வெல்டு எனக்குத் தெரியாதாடா?"

"அப்பவே… ஏன் கேக்கல?"

"நீயாச் சொல்லோணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில கேட்டனே, எதாச்சும் சொல்லணுமான்னு? கண்ணெடுக்கப் போறவன் கேட்டேன்டா." அவன் குரல் உயரவில்லை. "மடங்குனா மடங்கட்டும். அதுல என்ன இருக்குது? நான் எப்பவாச்சும் உன்னையக் கேலி பண்ணுனனா?"

"இல்ல."

"பின்ன எனத்துக்கு?"

கந்தப்பன் தரையைப் பார்த்தான். "நல்லாருக்குதுன்னு சொன்ன நீ. அப்பறம் சொல்ல முடியல."

கௌசியா டீத்தட்டோடு கதவருகில் நின்றிருந்தாள். எப்போதிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. வந்து கணவனுக்கு முன்னால் ஒரு டம்ளரை வைத்தாள். கந்தப்பனுக்குக் கொண்டுவந்ததைத் தட்டிலேயே வைத்துத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

"அந்தாளுக்குப் போன் போட்டுச் சொல்லு" என்றான் இம்தியாஸ். "இப்ப. என்ற முன்னாடி."

நம்பர் வீடியோவிலேயே இருந்தது. இளஞ்செழியன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எடுத்திருப்பார் போலும். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. கந்தப்பன் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னான். வெல்டு வைத்தது, ஆற்றில் போட்டது, கேமரா முன் பேசியது.

"ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார் இளஞ்செழியன். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

அல்தாப் அந்த வீடியோவை எடுத்துவிட்டு, நடந்ததைச் சொல்லி இன்னொன்று போட்டான். அதை யாரும் பார்க்கவில்லை. பழையது இன்னும் போன் போனாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இளஞ்செழியன் கடையைத் திரும்பத் திறக்கவில்லை. கந்தப்பன் ஒருமுறை அவரைத் தேடிச் சேலத்துக்குப் போனான். அந்த இடத்தில் வேறு கடை வந்திருந்தது. அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள்.

இம்தியாஸ் பங்கைப் பிரித்துக்கொண்டு போய்விடுவான் என்று கந்தப்பன் நினைத்தான். உள்ளுக்குள் அதை எதிர்பார்த்தும் இருந்தான். அவன் போகவில்லை. செயற்கைக் கண் வைத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை பட்டறைக்கு வந்தான். தன் நாற்காலியில் உட்கார்ந்தான். கேபின் அளவு கேட்டான், பெயின்ட் நிறம் கேட்டான். வேலைப் பேச்சு மட்டும்தான். வண்டி ஓட்டிப் பார்க்க வேறொரு டிரைவரை வைத்தார்கள். கௌசியா சௌந்திரத்தோடு பேசுவதை நிறுத்தினாள். பக்ரீத்துக்கு எப்போதும் வரும் பிரியாணிப் பாத்திரம் வரவில்லை. சௌந்திரம் வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஐப்பசியில் ஒரு நாள், முடித்த வண்டி ஒன்றைப் பார்க்க இருவரும் முற்றத்தில் நடந்து போனார்கள். இம்தியாசின் வலப்பக்கமாக நடந்த கந்தப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், இம்தியாஸ் திடுக்கிட்டுக் கையை முகத்துக்கு உயர்த்தினான். பிறகு மெதுவாக இறக்கினான்.

"இந்தப் பக்கம் வந்து நட" என்றான். "அந்தப் பக்கம் நீ இருந்தா எனக்குத் தெரியறதில்ல."

கந்தப்பன் அவனைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தான். இம்தியாஸ் அவனைப் பார்க்கவில்லை. மழை வரும்போல இருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பிக் காத்திருந்தான்.