டிரைவர் பக்கக் கதவு

துருப்பிடித்த காரைப் படம் வரைய ஒருத்தி நூறு மைல் தாண்டி வருவாள் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் உருப்படியான வேலையைப் பார் என்றிருப்பேன். ஜோலீன் வந்தாள். கோதுமைக் கிடங்குக்குப் பின்னால் புல்லுக்குள் கிடந்த ஷெவர்லே காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். டிரைவர் பக்கமாகப் படம் தாங்கும் சட்டத்தை நிறுத்தி, எண்ணெய்ச் சாயங்களைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வாரம் ஆகும் பெரியவரே. அதுவரைக்கும் காரைத் தொடாதீங்க. புல்லைக்கூட வெட்டாதீங்க."

"இதுல வரைய என்னம்மா இருக்கு? துடைச்சு வச்ச ட்ராக்டர் ஒண்ணு நிக்குது, அதை வரையேன்."

"பளபளன்னு இருந்தா எனக்கு வேண்டாம்."

என்ன பிறவியோ. அது என் மனைவி சிக்ரிட்டின் கார். அவள் இறந்த வருடம் நான் அதை அங்கே தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியதுதான், பிறகு அதில் ஏறவே இல்லை. விற்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை.

அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது. கையில் வேலை இல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போவேன், வருவேன். காப்பியை ஊற்றுவேன், குடிக்க மறந்து கொட்டுவேன். அவளோ சிலை மாதிரி உட்கார்ந்து அந்தத் துருவையே வெறித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வரமாட்டாள். அன்று பூசை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும்போது ஆர்விட் ஆரம்பித்தான். பக்கத்து நிலத்துக்காரன், வாய் சும்மா இருக்காது.

"ஏன் ஹால்வர், சிக்ரிட் காரு படமாகி கண்காட்சியில தொங்கப்போகுதாமே. நல்லதுதான். நீ எப்படி வச்சிருக்கேன்னு ஊரே பாக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டில் இருந்த எலுமிச்சைக் கேக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வடக்கு டக்கோட்டாவில் நாங்கள் கோபம் வந்தால் கத்தமாட்டோம். வீட்டுக்குப் போய் எதையாவது பழுதுபார்ப்போம்.

நானும் அதைத்தான் செய்தேன். காரைச் சுற்றிப் புல்லை வெட்டினேன். அவள் பார்த்து வரைகிற அந்தக் கதவை உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்தேன். கார் நீல நிறம்தான், ஆனால் கிடங்கில் இருந்தது ட்ராக்டருக்கு அடித்து மிஞ்சிய பச்சை. அதையே அடித்தேன். ஒரு கதவாவது மானத்தோடு இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலை ஜோலீன் வண்டியிலிருந்து இறங்கினாள், அப்படியே நின்றாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"வீட்டுக்கு ஆள் வந்தா கூட்டிப் பெருக்கமாட்டோமா?"

கையிலிருந்த துணியைத் தரையில் எறிந்தாள். வையப்போகிறாள் என்று நினைத்தேன். வையவில்லை. முடியாத படத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இங்க பாருங்க. கண்ணாடிக்குக் கீழ, கதவு விளிம்புல. மத்த இடமெல்லாம் துரு உப்பி உரிஞ்சு கிடந்துச்சு. இந்த உள்ளங்கை அகலம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருந்துச்சு. இதுக்காகத்தான் இந்தக் காரையே பிடிச்சேன். ஏன் அப்படித் தேஞ்சுதுன்னு புரியல, புரியாததால பாதியில விட்டேன். நீங்க சுரண்டி எறிஞ்சிட்டீங்க."

எனக்குப் புரிந்தது. கோடையில் சிக்ரிட் கண்ணாடியை இறக்கி, இடது முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு ஒற்றைக் கையால்தான் ஓட்டுவாள். சொன்னால் கேட்கமாட்டாள். செப்டம்பர் வந்தால் ஒரு கை சிவந்திருக்கும், ஒரு கை வெளுத்திருக்கும். எத்தனையோ கோடை அந்த முழங்கை அங்கே உரசியிருக்கிறது. என் விரல்களில் இன்னும் பச்சைப் பெயிண்ட் நாற்றம் அடித்தது.

"அது சிக்ரிட்டோட முழங்கைம்மா," என்றேன்.

ஜோலீன் படத்தைச் சட்டத்தில் வைத்தாள்.

"எப்படி வச்சிருப்பாங்க? உக்காந்து காட்டுங்க."

கதவைத் திறந்தேன். உள்ளே நுழைய இடமில்லை. சிக்ரிட் குள்ளம், இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவாள். நான் ஏறும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் தள்ளுவேன். இப்போதும் நெம்புகோலை இழுத்துத் தள்ளினேன். துரு இறுகிப்போயிருந்தது, அசையவில்லை. அவள் கடைசியாக விட்ட இடத்திலேயே நின்றது.

உடம்பை மடக்கி உள்ளே திணித்துக்கொண்டேன். ஸ்டியரிங் வயிற்றில் இடித்தது, முழங்கால் முன்பலகையில் முட்டியது. கையை வெளியே நீட்டினேன். தேட வேண்டியிருக்கவில்லை. முழங்கை தானாகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தது. காயாத பச்சை சட்டையில் ஒட்டியது.

"ஆடாதீங்க," என்று தூரிகையை எடுத்தாள்.

"ஆடல."

வெயில் ஏறியது. கால் மரத்துப்போனது. அவள் ஒருமுறை காரையும் ஒருமுறை படத்தையும் பார்த்துவிட்டுத் தூரிகையைத் துடைத்தாள்.

"முடிஞ்சுது பெரியவரே, இறங்குங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் வரையேம்மா," என்றேன்.