ஆறாம் முறை அச்சேறிய மசோதா

விடிவதற்குள் எங்கள் தெருவை எழுப்பிவிடுவது எதிர் அச்சகத்தின் வெட்டு இயந்திரம்தான். கத்தி 'தட்'டென்று இறங்கினால் என் சமையலறைத் தட்டுகள் கலகலக்கும். அச்சக ஜன்னலும் என் ஜன்னலும் நேருக்கு நேர். நான் எட்டிப் பார்ப்பதில்லை. கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

நாடாளுமன்றத்துக்குப் போகும் மசோதாக்கள் அங்கேதான் அச்சாகின்றன. அன்று தொழிற்கூடப் பாதுகாப்பு மசோதா. பதினொரு வருடத்தில் ஆறாவது தடவை. இரண்டு முறை குழுவுக்குப் போனது; குழு அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. ஒருமுறை கீழவை தாண்டி மேலவையில் சிக்கியது. இரண்டு முறை சபையே கலைந்து மசோதாவும் செத்தது. ஒவ்வொரு முறையும் புது எண், புது அட்டை, அதே ஏழாவது பிரிவு: வெட்டு இயந்திரத்துக்குத் தடுப்பு வேண்டும், இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் கத்தி இறங்க வேண்டும்.

இங்கேயும் இரண்டு பொத்தான் உண்டு. ஒன்றை முதலாளி அட்டைத்துண்டு செருகி நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்தார். ஒரு கை மிச்சமானால் வேலை ஓடுமாம்.

அதனால் அங்கே ஒரு பழக்கம். வெட்டுகிறவர் "கை?" என்பார். தாள் அடுக்கும் அவருடைய மைத்துனி கையை இழுத்துக்கொண்டு "இருக்கு!" என்பாள். பிறகுதான் கத்தி. இவர் மைத்துனியோடு ஓயாமல் பேசுகிறார் என்று தெருவில் ஒரு பேச்சு. பேசுவது இந்த இரண்டு வார்த்தைதான். அவள் இடத்தில் முன்பு நின்றவள் அவள் அக்கா, அவர் மனைவி. நாலாம் தடவை அச்சானபோது இரண்டு விரல் போயிற்று.

அன்று வெட்டு முடிந்து, அவள் தாள்கட்டை எடுக்கக் கை நீட்டினாள். யாரும் தொடாமல் கத்தி மறுபடி இறங்கியது. அவள் சட்டைக் கையின் நுனி மட்டும் மேசையில் துண்டாகக் கிடந்தது.

'தட்' சத்தம் நின்றது. முதலாளி வந்தார்.

"என்ன, கச்சேரியா? பத்து மணிக்கு சபையில வைக்கணும்."

"கத்தி தானா இறங்குது முதலாளி. தடுப்பு போடுங்க," என்றார் வெட்டுகிறவர்.

"சட்டம் வரட்டும், மறுநாளே போடறேன். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்."

"எங்க அக்கா விரல் ரெண்டும் நாலாம் தடவையே சபைக்குப் போயிடுச்சு. இன்னும் பதில் வரலை," என்றாள் மைத்துனி.

"இன்னிக்கு வைக்கலைன்னா இந்தக் கூட்டத்தொடரும் போச்சு. உங்க மசோதாவை நீங்களே கொல்றீங்க!"

"வெட்டாமலே அனுப்புங்க. படிக்கணும்னு நினைக்கிறவங்க ஓரத்தைக் கிழிச்சுப் படிக்கட்டும்," என்றாள் மைத்துனி.

மடிப்பு மேசைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "நீ வெளிய போ. உன் வேலைக்கு வாசல்ல பத்துப் பேர் நிப்பாங்க."

பிழை திருத்துபவர் எழுந்தார். கூன் விழுந்த அவருக்குக் 'காற்புள்ளி' என்று பெயர். ஆறு தடவையும் எழுத்தெழுத்தாகப் படித்தவர். மின்விசையை அணைத்தார், பொத்தானிலிருந்து அட்டைத்துண்டைப் பிடுங்கினார்.

"ஏழாவது பிரிவு இன்னிலேருந்து இங்க அமல்."

"யாரைக் கேட்டு?"

"இதோ, கேக்கறேன். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

பன்னிரண்டு பேர் தூக்கினார்கள். ஒரு நிமிடம் கழித்து வாசலில் பதின்மூன்றாவது கை. விரல் குறைந்த கை. அவளைக் கூட்டிவந்தது யாரென்று கேட்காதீர்கள். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரு சுவர்தான்.

முதலாளி போனில் யாரையோ அழைத்தார். சற்றைக்கெல்லாம் தெருமுனையில் வண்டி ஒன்று வந்து நின்றது. நாலைந்து பேர் இறங்கி, அவசரமில்லாமல் நடந்து வந்தார்கள்.

மின்சாரம் இல்லாத இயந்திரத்தில் கத்தி மெல்ல நழுவி, 'தட்'டென்று விழுந்தது.

"கை?" என்றார் வெட்டுகிறவர்.

"இருக்கு!" என்றார்கள் எல்லோரும்.