கூப்பிட்ட பெயர்

மறதி நோய் ஆராய்ச்சிக்கு யாரோ புண்ணியவான்கள் பணம் கொடுத்திருந்தார்கள். அதில் சேர்ந்தால் பகலில் வீட்டுக்கே ஓர் உதவியாளர் வருவார். என் கண்ணில் புரை முற்றிவிட்டது. மறதி நோய் வந்த என் வீட்டுக்காரரைத் தனியே விட்டுவிட்டு ஆபரேஷனுக்கு எப்படிப் படுப்பது? இடம் கிடைத்தே ஆக வேண்டும். ஒரே நிபந்தனை, தான் யார் என்ற நினைப்பு கொஞ்சமாவது மிச்சமிருக்க வேண்டுமாம்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் இவர். டாக்டரைப் பார்க்கப் போகும் வழியில் இவர் பெயரைச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால், என் வாயில் அது வந்தால்தானே! கல்யாணமான நாளிலிருந்து பழகாத வாய்.

டாக்டர் சின்ன வயதுக்காரி, சிரித்த முகம்.

“சார், உங்க பேர் என்ன?”

“ஏங்க,” என்றார் இவர்.

“சும்மா, தெரிஞ்சுக்கத்தான் சார். சொல்லுங்க.”

“ஏங்க.”

“எல்லார்கிட்டயும் கேக்குறதுதான் சார்.”

“ஏங்க! ஏங்க!” இவருக்குக் கோபமே வந்துவிட்டது. டாக்டர் பேனாவை மூடினார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

“டாக்டர், அவர் கேள்வி கேக்கல. பதில்தான் சொல்றாரு. நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.”

டாக்டர் நம்பவில்லை. இவருக்குப் பின்னால் போய் நின்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கொஞ்சம் வெட்கத்தோடு “ஏங்க” என்றும் கூப்பிட்டுப் பார்த்தார். ம்ஹூம்.

“நீங்க கூப்பிடுங்கம்மா.”

வீட்டில் எரிச்சலில் எத்தனை தரம் கத்தியிருப்பேன்! கதவோரம் நின்று மெல்லச் சொன்னேன். “ஏங்க...”

சட்டென்று எழுந்தார். நேராக என்னிடம் வந்து, கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். “இதோ வந்துட்டேன்ல, என்ன அவசரம்?”

பெற்றவர்கள் வைத்த பெயர் போய்விட்டது. பார்த்த வேலை போய்விட்டது. பிள்ளைகளின் முகம்கூடப் போய்விட்டது. நான் பெயர் என்று நினைத்தே கூப்பிடாத ஒன்று மட்டும் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மலைத்துப் போய் நின்றேன். எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். “பேர் தெரிஞ்சிருக்கு. சேத்துக்கறோம்மா. உதவிக்கு வர்றவங்க இவரை எப்படிக் கூப்பிடணும்?”

“சார்னு கூப்பிடச் சொல்லுங்க,” என்றேன். “அந்தப் பேரு என்னோடது.”