இரும்புக் கால்

தைவானில், எங்கள் தைனான் நகரப் பூங்காவில் கூழாங்கல் பதித்த பாதை ஒன்று உண்டு. அதில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். குதிகால் வலித்தால் சிறுநீரகம் சரியில்லை, நடுப்பாதம் வலித்தால் வயிறு. எங்குமே வலிக்காவிட்டால் உடம்பு தங்கம். இந்தக் கணக்குப்படி, நெடுநாள் சர்க்கரை நோயாளியான என் அப்பா லியாவ்தான் பூங்காவிலேயே ஆரோக்கியமானவர்.

மீன் உருண்டைக் கடை வூ, கல்லில் கால் வைத்த உடனே அலறுவார். அப்பா பாதை நடுவில் நின்று பேப்பர் படிப்பார்.

"என்னய்யா வூ, கத்துறது நீயா, உன் கல்லீரலா?"

"உனக்கென்னப்பா, இரும்புக் கால்!"

அந்தப் பட்டத்தோடு அப்பா ஊர்வலம் வந்துகொண்டிருந்தபோதுதான், அவருடைய வெள்ளைக் காலுறையில் அம்மா ஒரு சிவப்புக் கறையைப் பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன?"

"தக்காளியா இருக்கும்."

"காலாலயா தின்னீங்க?"

மறுநாளே ஆஸ்பத்திரியில் பாதப் பராமரிப்பு வகுப்புக்கு இழுத்துப் போனாள். நர்ஸ் ஷென் கையில் மெல்லிய நைலான் இழை.

"பெரியப்பா, கண்ணை மூடிக்கோங்க. நான் தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க."

அப்பா மூடினார். வகுப்பே எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"எப்பம்மா ஆரம்பிப்பே?"

"முடிச்சிட்டேன் பெரியப்பா."

பாதத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்தாள். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். அதில் குடியேறிய ஒரு கல் துணுக்கு.

"சர்க்கரை உங்க நரம்பைக் கெடுத்துடுச்சு. அதான் வலிக்கல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்."

அப்பா விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்போ என் கல்லீரல்?"

"அதை யாரு கேட்டா? முதல்ல காலைக் காப்பாத்துங்க. வெறுங்கால் நடை வேண்டாம், வீட்டுக்குள்ளயும். ஷூ போடுறதுக்கு முன்னாடி உள்ளே கையை விட்டுப் பாருங்க. தினமும் பாதத்தைப் பாருங்க."

முதல் நாள் ஷூவுக்குள் கையை விட்டதில், வீடே தேடிக்கொண்டிருந்த மாஜோங் ஆட்டக் காய் கிடைத்தது. அதைச் சுமந்துகொண்டு எவ்வளவு தூரம் நடந்திருந்தாரோ, காலுக்கே தெரியாது. அன்றிலிருந்து அம்மாவின் கைக்கண்ணாடி அவர் பாதத்துக்குச் சொந்தமாயிற்று.

"கல்யாணத்தன்னிக்கு என் மூஞ்சியக்கூட இவ்வளவு நேரம் பாக்கல" என்றாள் அம்மா.

புண் மெதுவாக ஆறியது. விரல் அவரோடே தங்கியது. நர்ஸ் அனுமதித்ததும், மெத்தென்ற ஷூவில் பூங்காவுக்குப் போய்ப் பாதையோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

வூ கல்லில் கால் வைத்தார். "ஐயோ! அம்மா! உயிர் போகுதே!"

அப்பா பெருமூச்சு விட்டார்.

"கொடுத்து வெச்சவன்."