ரெம்மர் ஓன்கனுக்கு மட்டும் வந்த கடல்

எங்கள் ஹில்லர்சீலில் கடல் நாளுக்கு இரண்டு தடவை ரெம்மர் ஓன்கன் வீட்டுக்கு மட்டும் வந்தது. வாசற்கதவு வழியாக நுழைந்து, முழங்கால் அளவு நின்று, வற்றம் தொடங்கியதும் வந்த வழியே திரும்பும். அது கடந்து போகிற வேலியில் உலர்த்திய துணிகூட நனையாது. பதினோரு வருஷம் இப்படி நடந்தது. காரணம் எங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

எங்கள் மண் கடலைவிடத் தாழ்வு. கடலணைதான் எங்கள் உயிர். அதில் வீட்டுக்கு ஒரு பங்கு, காத்துப் பழுதுபார்க்க; ஒவ்வொரு பங்குக்கும் பேர் எழுதிய ஒரு கட்டை. ஆனால் புயல் நாளில் மணி அடித்தால் யார் பங்கு என்று யாரும் பார்ப்பதில்லை. இளகுகிற இடத்துக்கு ஊரே ஓடும். ரெம்மர் பங்கு ஊரிலேயே கெட்டி, ஒரு எலிவளை கிடையாது. நல்ல உழைப்பாளி, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மண்டைக்குள் ஒரு வேதாந்தம் வைத்திருந்தான். அவனவன் தன்னைப் பார்த்துக்கொண்டால் ஊரைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லையாம். அடுத்தவனுக்கு உதவினால் அவன் சோம்பேறியாகிவிடுவானாம். இதைத் தேவாலய வாசலில் நின்று பிரசங்கமாகவே சொல்லுவான். ஒரு அக்டோபர் புயலில் அவனை அடுத்திருந்த எய்லர்ட் பங்கு சரியத் தொடங்கியது. மணி அடித்தது. வைக்கோலும் களிமண்ணுமாக எல்லோரும் ஓடினோம். நாற்பது அடி தள்ளி, தன் பங்கின் மேல் மண்வாரியை ஊன்றிக்கொண்டு ரெம்மர் வேடிக்கை பார்த்தான். எய்லர்ட் கையை நீட்டிக் கூப்பிட்டான். "என் பங்கு நிக்குது எய்லர்ட், உன்னோடதை நீ பாரு" என்றான் இவன். களிமண் எய்லர்ட்டோடு சேர்ந்து இறங்கியது. ஒரு வாரம் கழித்து வாய்க்காலில் கிடைத்தான்.

துக்கத் தேநீருக்கு ரெம்மரும் வந்தான். கற்கண்டு போட்டு மூன்று கோப்பை குடித்துவிட்டு எய்லர்ட்டின் பெண்டாட்டி ஃபோல்க்கேயிடம், "அணையை அவன் வருஷா வருஷம் ஒழுங்காப் பாத்திருக்கணும், அண்ணி" என்றான். அவள் அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த அணைக் கூட்டத்தில் எழுந்தாள். நிலம் வைத்திருக்கிற விதவைக்கு அங்கே பேச உரிமை உண்டு. "ரெம்மர் சொல்றதுதான் சரி. அவனவன் பங்கு அவனவனுக்கு. அவனுக்கும் நமக்கும் அப்படியே எழுதிருங்க." அணைத் தலைவர் உப்போ தயங்கினார். "எழுதினா அழிக்க முடியாதும்மா." "அதுக்குத்தான் எழுதச் சொல்றேன்." ரெம்மர் சிரித்துக்கொண்டே முதல் கையெழுத்துப் போட்டான். மண்ணைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்தான், பாவி. மறுநாள் கடல் ஏற்றத்துக்கு அவன் பங்கு அசையாமல் நின்றது. எங்கள் பங்குகள் இனி அவனுக்கு இல்லை அல்லவா? அதனால் கடல் எங்கள் பங்குகள் வழியாக அணையே இல்லாதது மாதிரி உள்ளே வந்து, ஃபோல்க்கேயின் முட்டைக்கோஸ் பாத்தியில் ஒரு இலையை நனைக்காமல் தாண்டி, அவன் கதவைத் தள்ளியது.

வாசற்படியை உயர்த்தினான்; தண்ணீரும் உயர்ந்தது. மேடு போட்டு வீட்டை அதன் மேல் கட்டினான், தண்ணீர் மேடேறியது. இரண்டாம் வருஷம் அவன் மாடுகள் உப்புப்பால் கறந்தன. மூன்றாம் வருஷம் பெண்டாட்டி அக்காள் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. எழுத்தை அழிக்க முடியாவிட்டாலும் பரிகாரம் சுலபம்தான். ஊரில் ஒருவர், ஒரே ஒருவர், அவனுக்காக ஒரு வாரி மண் போட்டால் எழுத்து முறிந்துவிடும். யாரும் போடவில்லை. எந்த வேலைக்கும் நாங்கள் இத்தனை ஒற்றுமையாக நின்றதில்லை. எதற்கு மறைக்க, இனிக்கத்தான் செய்தது. ஒரு ஈஸ்டர் அன்று உப்போவுக்கு மனசு இளகி மண்வாரியைத் தூக்கிவிட்டார். ஃபோல்க்கே படலருகே வந்து நின்றாள். "எய்லர்ட்டை வாய்க்கால்லேருந்து தூக்கின நாலு பேர்ல நீங்களும் ஒருத்தர். போடணும்னா போடுங்க." அவர் மண்வாரியைக் கீழே வைத்தார்.

பதினோராம் வருஷம் ரெம்மரே அவள் வாசலுக்கு வந்தான். காலெல்லாம் உப்புப் புண். "ஒரே ஒரு வாரி மண்ணு, அண்ணி. உங்க கையால."

"உதவி பண்ணா சோம்பேறி ஆயிடுவியேப்பா" என்றாள் ஃபோல்க்கே. "பழைய சட்டம் இருக்கு. குத்திட்டுப் போ."

பங்கைக் காக்க முடியாதவன் தன் மண்வாரியை அதில் குத்திவிட்டு, உடுத்திய துணியோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். அதைப் பிடுங்குகிறவருக்கு அவன் நிலம், வீடு, பங்கு எல்லாம். அன்று மத்தியானம் நாங்கள் எல்லோரும் பார்க்க அவன் குத்தினான். அவன் முதுகைத் திருப்புவதற்குள் ஃபோல்க்கே பிடுங்கினாள். எனக்குக்கூட வயிறு குளிர்ந்தது.

மறுநாள் ஏற்றத்தில் கடல் வழக்கம்போல வந்தது. வாசலில் கொஞ்சம் நின்றது. உள்ளே போகாமல் திரும்பி, அவன் போன வண்டிப்பாதையில் மேட்டு நிலத்தைப் பார்த்து நடந்தது. ஒன்பது நாள் கழித்து கடல் எட்டாத மேட்டு ஊரான ஆல்டன்லோவிலிருந்து வந்த வண்டிக்காரன் சொன்னான்: அங்கே கூலிக்கு வந்திருக்கிற ஒருவன் படுக்கிற பரணில் தினம் இரண்டு வேளை கடல் நிற்கிறதாம், இறாலோடு. ஃபோல்க்கே எந்த நேரம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

படகுக்காரர்களுக்காக நாங்கள் அச்சிடுகிற ஏற்றவற்ற அட்டவணையில் துறைமுகங்களுக்குக் கீழே இப்போது ஆல்டன்லோவும் இருக்கிறது, ஹில்லர்சீலுக்கு ஐந்து மணி நேரம் பின்னால். வெளியூர்க்காரர்கள் அச்சுப்பிழை என்று சிரிப்பார்கள். ஆல்டன்லோக்காரர்கள் சிரிப்பதில்லை. ரெம்மர் செத்தபோது அதைப் பார்த்துத்தான் நீர் வற்றுகிற நேரத்தில் குழி தோண்டினார்கள். அவன் கல்லறைக்குப் பூ வைக்க யாராவது போவதென்றாலும் அதே அட்டவணைதான்.