முனியாண்டி கோயில் கயிறு

"வாய ஊதுங்க."

வேலை விட்டு வந்த அர்ச்சுனன் ஊதினான். இருளாயி மோந்து பார்த்தாள். சம்சுச் சாராய வாசமும் இல்லை, கள் வாசமும் இல்லை. ஆனால் புருஷன் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான். காலையில் எழுந்தால் தலைவலி, வாந்தி வேறு. கிராம்பை மென்று மறைக்கிறான், கள்ளன்!

"சத்தியமா தொடல புள்ள. ஈப்போவுல, நான் வேலை பாக்குற மரக்கடையில கேட்டுப் பாரு லா."

"கேட்டேன். அங்கயும் தள்ளாடுறீங்களாம்."

செமோர்ப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டாலும் முனியாண்டி கோயில் அப்படியே இருந்தது. குடியை விடுகிறேன் என்று அங்கே கயிறு கட்டிக்கொண்டவன் மறுபடி தொட்டால் முனி அடித்துவிடும். அங்கேதான் அவனை இழுத்துப் போனாள். ஒரு சொட்டுக் குடிக்காதவன் குடியை விடுவதாகச் சத்தியம் செய்து கையை நீட்டினான். வேறென்ன செய்வான், இவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

அடுத்த வாரமே நடுரோட்டில் விழுந்தான்.

"கயிறு கட்டியும் குடிச்சிட்டான், முனி அடிச்சிருச்சு" என்றது ஊர்.

இருளாயி யோசித்துப் பார்த்தாள். பொழுது சாய்ந்தால் அந்தக் கோயில் பக்கமே போகாத பயந்தாங்கொள்ளி இந்த ஆள். கயிற்றோடு குடிப்பானா? செத்தாலும் மாட்டான்! அப்படியென்றால் இது குடியே இல்லை. ஐயோ பாவி, நோயாளியையா இத்தனை நாள் திட்டித் தீர்த்தேன்!

மறுநாளே ஈப்போ ஆஸ்பத்திரி. தரையில் இருந்த கோட்டின்மேல் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார் டாக்டர் இராமசாமி. அர்ச்சுனன் சுவரில் போய்ச் சாய்ந்தான்.

"குடிப்பாரா?"

"இல்ல டாக்டர். கயிறு கட்டியிருக்கு" என்று அவன் கையைத் தூக்கிக் காட்டினாள்.

டாக்டர் உடனே கோலாலம்பூருக்கு அனுப்பினார். அங்கே தலையைப் படம் எடுத்ததில் சிறுமூளையில் கட்டி தெரிந்தது. அறுத்து எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்.

"இது சின்னப் புள்ளைங்களுக்கு வர்றதும்மா. பெரியவங்களுக்கு ரொம்ப அபூர்வம். தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் கரண்டு, அதான் கதிர்வீச்சு, வைக்கணும்" என்றார் அங்கிருந்த தமிழ் டாக்டர்.

"பொழச்சுக்குவாரா?"

"பொழச்சவங்க இருக்காங்க. நம்பிக்கையா இருங்க."

"அவரு சின்னப் புள்ளதான் டாக்டர். இருட்டுனா தனியா வெளியே போகமாட்டாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

கரண்டு வைத்ததில் முடியெல்லாம் கொட்டிப்போனது. ஊருக்கு வந்ததும், பத்துமலைக்கு வேண்டுதலா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்று மொட்டைத் தலையை ஆட்டினான், குறும்புக்காரன்.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் மறுபடி ஈப்போ ஆஸ்பத்திரி, அதே கோடு. அர்ச்சுனன் மெதுவாக நடந்தான். கோட்டின் கடைசிவரை போனான். திரும்பியும் வந்தான்!

"புதுப் படத்துல கட்டி இல்ல. ஆனா செக்கப்புக்கு விடாம வரணும்" என்றார் டாக்டர்.

இருளாயி எழுந்தாள். சந்தோஷத்தில் சிரிப்பும் அழுகையுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள்.

அர்ச்சுனன் அவள் முகத்தருகே குனிந்தான்.

"வாய ஊது புள்ள."

அத்தனை பேரும் பார்க்க, அவள் ஊதினாள்.