அவருக்குப் புதன், எனக்கு ஞாயிறு

புருஷனுக்கு ஒரு நாள், பெண்டாட்டிக்கு ஒரு நாள் என்று லீவைப் பிரித்துவிட்ட புண்ணியவான் யார் என்று தெரிந்திருந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் எனக்குப் பிசிறு தேய்க்கிற வேலை. காய்ந்த கப்பின் ஓரத்தை ஈரப் பஞ்சால் வழித்து வழவழப்பாக்க வேண்டும். எங்கள் ஷெட்டை ஞாயிற்றுக்கிழமை பூட்டிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் கோதண்டபாணிக்குச் சூளையில் வேலை. சூளையை நினைத்தபோது அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே இருக்கிற சரக்கெல்லாம் விரிசல் விட்டுப்போகும். அதனால் சூளை ஆட்களுக்கு மட்டும் ஆளுக்கொரு நாள் லீவு. அவருக்கு விழுந்தது புதன்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தபோது எங்களுக்கு லீவு என்கிற பேச்சே கிடையாது. வேலை இல்லை என்றால் இரண்டு பேருக்கும் இல்லை. மழை பிடித்துக்கொண்டால் இரண்டு பேரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்போம். அடுப்பும் முடங்கிக் கிடக்கும். பட்டினிதான். ஆனால் அவர் எங்கே போனார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இங்கே வந்த இந்த ஒரு வருஷமாக, புதன்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால் அவருடைய வெளுத்த சட்டை ஆணியில் தொங்கும். பவுடர் டப்பா திறந்து கிடக்கும். மனுஷர் முகம் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் முகம் மாதிரி தெளிந்திருக்கும். என்னோடு இருக்கிற நேரத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"எங்க போயிட்டு வந்தீங்க?"

"சும்மாதான்."

சும்மா போகிறவனுக்குப் பவுடர் எதற்கு? இதை அடுத்த வீட்டு அம்சவல்லியிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"எக்கா, நான் சொன்னேன்னு சொல்லாத. சூளையில சரக்கு தூக்குறாளே பாஞ்சாலை, அவளுக்கும் புதன்கிழமைதான் லீவு."

அவ்வளவுதான். அன்றைக்கு நான் தேய்த்த கப்பெல்லாம் காது உடைந்து கையோடு வந்தது. மேஸ்திரி கத்தினார். பாஞ்சாலை நல்ல நிறம், நல்ல பல்வரிசை. சிரித்தால் எனக்கே இன்னொரு தரம் பார்க்கத் தோன்றும். ராத்திரி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவளுடைய பல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த புதன்கிழமை வேலைக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, கம்பெனி கேட்டு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். ஒரு நாள் கூலி போனால் போகிறது, குடித்தனம் போகக் கூடாது. முதலில் பாஞ்சாலை வீட்டை எட்டிப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்து போட்டுக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியானால் வேறு எவளோ என்று இன்னும் கொதித்தது.

திரும்பி வந்து எங்கள் தெருமுனையில் ஒளிந்து நின்றேன். அவர் சீவிச் சிங்காரித்துக்கொண்டு, மாப்பிள்ளை கணக்காக ஜங்ஷனுக்கு நடந்தார். நான் முந்தானையை முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வாங்கினார். ஒரு ரயில் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. எவளும் இறங்கவில்லை. அவர் காலை நீட்டிக்கொண்டு, ரயிலைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"யாருக்குக் காத்துக்கினு இருக்கீங்க?"

ஆடிப்போய்விட்டார். "யாருக்கும் இல்ல புள்ள. நீ வேலைக்குப் போவல?"

"அப்புறம் எதுக்கு வெளுத்த சட்டை?"

"ஆறு நாளும் சூளை வாயில வெந்து சாவுறேன். ஒரு நாளு மனுசனாட்டம் உக்காரக் கூடாதா?"

"வூட்டுல உக்காருங்களேன்."

"வூட்டுல உக்காந்தா கண்ணுல படுறதெல்லாம் வேலைதான். இங்க என்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இந்த ஒரு நாளுதான் எனக்குன்னு இருக்குது. நீ போ, நான் பொறவு வரேன்."

அடப் பாவி மனுஷா! ஒருத்தி இருந்திருந்தால் அவள் மயிரைப் பிடித்து உலுக்கிவிட்டு வந்திருப்பேன். இங்கே யாரைப் பிடித்து உலுக்குவது? அந்த பெஞ்சைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும்தான் ஞாயிற்றுக்கிழமை லீவு. அவருடைய சூளை அழுக்குத் துணியைத் துவைக்கவும், வாரத்துக்கு மாவு அரைக்கவும், பிள்ளைகள் தலையில் பேன் பார்க்கவும் அந்த லீவு சரியாகப் போய்விடும். காலை நீட்டி உட்கார்ந்தேனா ஒரு நாள்? அதைவிட, போ என்றாரே, அது நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் காலை ஷிப்டுக்குப் போனார். நான் துணியை ஊறக்கூடப் போடவில்லை. பிள்ளைகளை அம்சவல்லியிடம் விட்டேன். தலை குளித்து, கல்யாணத்துக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, அவர் பவுடரையே எடுத்து அப்பிக்கொண்டேன்.

"எங்கக்கா போற?" என்றாள் அம்சவல்லி.

"சும்மாதான்" என்றேன். அவள் வாய் பிளந்தது பிளந்தபடி நின்றது.

அதே பெஞ்சுதான். முதலில் கையைக் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும் என்று டீ வாங்கிக் குடித்தேன். ஜன்னலோரம் இருந்த ஒரு குழந்தை எனக்குக் கை காட்டியது, நானும் காட்டினேன். அப்புறம் கால் தானாக நீண்டுகொண்டது. நிஜமாகவே சுகமாகத்தான் இருந்தது. இந்தச் சுகத்தை ஒளித்து வைத்துத் தனியாகத் தின்றிருக்கிறாரே என்று அதற்கும் ஒரு மூச்சு வயிறெரிந்தேன்.

ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். சோறு இல்லை, ஆள் இல்லை. அம்சவல்லி சும்மா இருப்பாளா? சேலை, பவுடர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மனுஷர் தலைமுடியில் வெள்ளைத் தூசியோடு, செருப்புகூட இல்லாமல் பிளாட்பாரத்தில் ஓடிவந்தார். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

என்னிடம் வந்து நின்று முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைத்தான் பார்த்தார். அப்புறம் சேலையை. அப்புறம் கீழே இருந்த டீ கிளாஸை.

"யாரோட உக்காந்திருந்த?"

ஒரு வருஷமாக என் வயிற்றில் கிடந்த நெருப்பு இப்போது அவர் கண்ணில் எரிந்ததைப் பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

"இருந்தாங்க," என்றேன். "இப்பத்தான் எழுந்திரிச்சிப் போனாங்க."